நன்றாக எழுதுகிறவர் டீம் லீட் ஆனால்: எம்.பி.ஏ.வா, ஒன்-ஆன்-ஒன்னா?

டெக்னிக்கல் ரைட்டிங் டீமில், அதாவது மென்பொருளுக்கான கையேடுகளை எழுதும் டீமில், யார் நன்றாக எழுதுகிறாரோ அவரைத்தான் பெரும்பாலும் லீட் ஆக்குவார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பம். அடுத்தவர் டிராஃப்டைத் திறந்ததும் கை சும்மா இருக்காது, முழுக்க மாற்றி எழுதிவிடும். நானும் அந்த ரகம்தான். ரிலீஸுக்கு முந்தைய இரவு நான்கு பேர் எழுதியதையும் நானே திருத்தி முடித்துவிட்டு, டீம் நன்றாக ஓடுகிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

மேலாண்மை கற்க என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன.

ஒன்று, தொலைநிலை எம்.பி.ஏ. இக்னோவில் குறைந்தது 2 வருடம். பணக்கணக்கு புரியும். இன்னொரு ஆள் வேண்டும் என்று மேலிடத்தில் கேட்கும்போது 'வேலை அதிகம்' என்று புலம்பாமல் செலவையும் பலனையும் எண்களில் காட்டலாம். ஆனால் நாளை காலை ஒருவரிடம் 'உங்கள் அறிமுகப் பத்தி சரியில்லை' என்று மனம் நோகாமல் சொல்வது எப்படி? அதற்கு 2 வருடம் காத்திருக்க முடியாது.

ஹெச்.ஆர். நடத்தும் இரண்டு நாள் பயிற்சி அடுத்தது. மதியச் சாப்பாடு நன்றாக இருக்கும், மற்ற டீம் லீட்களின் பழக்கம் கிடைக்கும். அவ்வளவுதான்.

மூன்றாவது வழிக்குக் காசு வேண்டாம், கூச்சத்தைத்தான் விட வேண்டும். வாரம் ஒருமுறை ஒவ்வொருவருடனும் அரை மணி நேரம் ஒன்-ஆன்-ஒன், அதாவது நேருக்கு நேர் தனியாகப் பேசுவது. மாதம் ஒருமுறை வேறு டீமின் மூத்த மேனேஜர் ஒருவரிடம் நம் தவறுகளைக் கொட்டுவது. நான்கு பேர் என்றால் வாரத்துக்கு 2 மணி நேரம். அந்த அரை மணி நேரத்தில்தான் தெரிந்தது: ஒருவர் டிராஃப்ட் எப்போதும் தாமதமானதற்குக் காரணம் சோம்பல் இல்லை, டெவலப்பர்கள் அடுத்த சில வார வேலையைத் திட்டமிடும் ஸ்பிரிண்ட் மீட்டிங்குக்கு அவரை யாரும் கூப்பிடுவதே இல்லை. டெவலப்பர் டீமோடு பேசி அவரை உள்ளே சேர்த்ததுதான் மேனேஜராக நான் செய்த முதல் உருப்படியான வேலை.

திருத்துவதற்கும் ஒரு வழி பிறந்தது. டிராஃப்டில் என் உரிமையை கமெண்ட் போடுவதோடு நிறுத்திக்கொண்டேன். 'இதைப் படிப்பவர் அடுத்து எந்த பட்டனை அழுத்துவார்?' என்று கேட்டால் போதும், எழுதியவரே திருத்திவிடுகிறார். நடைபற்றிய சண்டைக்கு, கூகுள் 2017-இல் பொதுவில் வைத்த ஸ்டைல் கைடு (எழுத்து நடைக்கான விதிகளின் தொகுப்பு) நடுவர்.

அதே கூகுள் 2008-இல் நல்ல மேனேஜர்களை ஆராயத் தொடங்கி, பிறகு எட்டு குணங்களைப் பட்டியலிட்டபோது, தொழில்நுட்பத் திறமை கடைசியில்தான் வந்தது. ஆனால் நாலு பேர் டீமில் லீடும் எழுதியாக வேண்டும். அதனால் இதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

என் ஓட்டு மூன்றாவதுக்கு. டாக்குமென்டேஷனைத் தாண்டி மேலே போக நினைப்பவர் எம்.பி.ஏ.வுக்கே போகலாம். மூன்றாவதிலும் ஒரு ஓட்டை உண்டு: எல்லாம் அந்த மூத்த மேனேஜரைப் பொறுத்தது. எனக்கு வாய்த்தவர் ஆறே மாதத்தில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்.