மரத் திண்மத் தொகுப்பு: நீள்வட்டத் திண்மத்துக்காகவே வாங்கலாம்

மாண்டிசோரி முறையில் பயன்படும் நீல நிற மரத் திண்மங்கள் 10 அடங்கிய தொகுப்பு இது. கனசதுரம், கூம்பு, உருளை ஆகியவற்றைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நீள்வட்டத் திண்மத்தையும் முட்டை வடிவத்தையும் தனித்தனியே தந்திருப்பதில்தான் இதன் உண்மையான மதிப்பு இருக்கிறது. கண்களை மூடிக்கொண்டு இரண்டையும் தடவிப் பார்க்கும் குழந்தை, முன்னதன் இரு முனைகளும் ஒரே அளவில் குவிந்திருப்பதையும், பின்னதன் ஒரு முனை மட்டும் கூம்பியிருப்பதையும் விளக்கமின்றியே உணர்ந்துகொள்கிறது. பக்கவாட்டில் உருட்டினால் நீள்வட்டத் திண்மம் நேராகச் செல்ல, முட்டை வடிவமோ வளைந்து திரும்புகிறது. பெரியவர்களுக்கும் அலுக்காத விளையாட்டு இது. மெருகு நன்று; முனையில் மட்டும் கடைசல் தடம் விரலில் நெருடுகிறது.

பெரிய குறை வேறு. நீண்ட வடிவம் ஒன்றே இருப்பதால், நீள்வட்டத் திண்மம் என்றாலே நீளமானது என்று குழந்தை முடிவு செய்துவிடும். நிலநடுக்கோட்டு விட்டம் துருவ விட்டத்தைவிட ஏறத்தாழ 43 கி.மீ. கூடுதலாக உள்ள நம் பூமியும் இந்த இனமே என்று காட்டத் தட்டையான ஒரு துண்டையும் சேர்த்திருக்கலாம். கையேடோ ‘நீட்டிய பந்து’ என்று ஒரே வரியில் கடந்துவிடுகிறது. எந்தத் திசையில் வெட்டினாலும் வட்டமோ நீள்வட்டமோதான் கிடைக்கும் என்பதை, களிமண்ணில் அதே வடிவத்தைப் பிடித்து நூலால் அறுத்து நாமேதான் காட்ட வேண்டியிருக்கிறது.