திருவையாற்றில் சுடச்சுட அசோகா

தஞ்சாவூரிலிருந்து ஏறத்தாழ 13 கிலோமீட்டர் தொலைவில், காவிரிக் கரையில் இருக்கும் திருவையாற்றுக்கு ஐயாறப்பர் கோயிலுக்காகவோ தியாகராஜ ஆராதனைக்காகவோ வருபவர்களில் பலர், அசோகா வாங்காமல் ஊர் திரும்புவதில்லை. இந்த இனிப்புக்குப் பெயர் பெற்றது அங்குள்ள ஆண்டவர் அல்வா கடை.

அல்வா என்றதும் திருநெல்வேலியின் கோதுமைப் பால் அல்வாவை நினைப்பவர்களுக்கு அசோகா முற்றிலும் வேறான பண்டம். வறுத்து, குழைய வேகவைத்து மசித்த பாசிப்பருப்பையும் நெய்யில் வறுத்த கோதுமை மாவையும் சர்க்கரையுடன் சேர்த்து, நெய்யை இடையிடையே ஊற்றிக் கைவிடாமல் கிளறுவதால், அது வாணலியில் ஒட்டாமல் செம்மஞ்சள் நிறத்தில் திரண்டு வருகிறது. கோதுமை அல்வாவின் இழுவை இதில் இல்லை. நாக்கில் வைத்ததும் கரைந்து, நெய் மணத்துக்குப் பின்னால் பருப்பின் வாசனை மெல்லத் தலைகாட்டுகிறது. என் கணக்கில் அதுவே இதன் தனிச்சிறப்பு. தித்திப்பு சற்றுத் தூக்கல்தான். உடன் ஒரு பிடி மிக்சர் இருந்தால் திகட்டாது.

பருப்பு சேர்வதால் கோதுமை அல்வாவைப்போல இது நாள்பட நிற்காது. ஆகவே ஊருக்குக் கொண்டுசெல்ல அளவாக வாங்கிக்கொண்டு, சூடாக இருக்கும்போதே கடையில் நின்று சாப்பிடுவது நல்லது.