மூன்று வாரத்துக்குள் இரண்டாவது எச்பிஏ1சி: வெள்ளவத்தையில் நாங்கள் கட்டிய பணம்

பத்து வருடமாக நீரிழிவுக்கு மெட்போர்மின் எடுத்துவரும் என் அம்மாவுக்குக் கடந்த மாதம் கால் எரிவு தொடங்கியதால், காலி வீதியை அண்டிய தனியார் வைத்தியசாலையொன்றில் வைத்திய நிபுணர் ஒருவரைச் சனல் செய்து (முன்பதிவு செய்து) காட்டினோம். மூன்று வாரங்களுக்கு முன் எடுத்த எச்பிஏ1சி (இரத்தத்தில் சீனியின் சராசரி அளவைக் காட்டும் பரிசோதனை) அறிக்கை எங்கள் கோப்பின் முதல் பக்கத்திலேயே இருந்தது. அவர் அதைத் திறக்கவில்லை. அம்மா செருப்பைக் கழற்றி முடிப்பதற்குள் பரிசோதனைப் படிவத்தில் ஒன்பது கட்டங்களுக்குச் சரி போட்டுவிட்டு, இதே கட்டடத்து ஆய்வுகூடத்திலேயே எடுக்க வேண்டும் என்றார்.

பற்றுச்சீட்டில் "ஆய்வுகூடக் கட்டணம் ரூபா 38,450" என்ற ஒற்றை வரிதான். விபரம் கேட்டதற்கு, "கணக்கு அப்படித்தான் வரும் அண்ணா" என்று காசாளர் பிள்ளை சொன்னது. பின்னால் வரிசை நின்றதால் நானும் கட்டிவிட்டேன். அது என் பிழை.

அந்த ஒன்பதில் மறுபடியும் எச்பிஏ1சி இருந்தது. சிவப்பணுக்கள் ஏறத்தாழ 120 நாட்கள் வாழ்வதால் இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் அந்தப் பரிசோதனை, மருந்தே மாறாத நிலையில் மூன்று வாரத்தில் புதிதாக எதைச் சொல்லும்? சிஇஏ என்ற புற்றுநோய்க் குறிகாட்டியும் இருந்தது. புற்றுநோய் உறுதியானவர்களின் சிகிச்சையைத் தொடர்ந்து கவனிக்கவே பெரும்பாலும் பயன்படுவதும், புகைத்தல், ஈரல் நோய் போன்றவற்றாலும் உயரக்கூடியதுமான அது சற்றுக் கூடுதலாக வந்ததும், அடுத்து சிடி ஸ்கேன் என்றார்கள். அம்மா இரண்டு இரவுகள் உறங்கவில்லை.

ஸ்கேனுக்குப் போகாமல் எங்கள் குடும்ப வைத்தியரிடம் போனோம். அவர் மெல்லிய நைலோன் இழையால் பாதங்களைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மெட்போர்மினை நீண்டகாலம் எடுப்பவர்களுக்கு விற்றமின் பி12 குறைந்து நரம்பு பாதிக்கப்படலாம் என்று சொல்லி, அந்தப் பரிசோதனை ஒன்றை மட்டும் எழுதித் தந்தார். குறைவாகத்தான் இருந்தது, ஊசி தொடங்கியிருக்கிறது.

இதே அனுபவம் உள்ளவர்கள் பணம் கட்டுமுன் ஒவ்வொரு பரிசோதனையின் விலையையும் தனித்தனியே எழுத்தில் கேளுங்கள். பழைய அறிக்கையை வைத்தியரின் கையிலேயே கொடுங்கள். 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் இயங்கும் ஒழுங்குபடுத்தல் சபைக்கு நான் முறைப்பாடு எழுதியிருக்கிறேன். அந்தப் படிவத்தின் பிரதியையும் இணைத்தேன்: ஒன்பது சரி அடையாளங்கள், பி12 என்ற கட்டம் மட்டும் வெறுமை.