வண்டி நல்ல வண்டி, எர்த்துதான் இல்லை

திருத்துறைப்பூண்டியில் இருக்கும் என் மைத்துனன் பெட்ரோல் கார் விலை இறங்கியதிலிருந்தே நச்சரித்துக்கொண்டிருக்கிறான். "அத்தான், கரன்ட் கார் எடுக்கலாமா வேண்டாமா? ஒரே வார்த்தையில சொல்லுங்க." 2025 செப்டம்பரில் சின்ன பெட்ரோல் கார்களின் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18க்கு வந்துவிட்டது. மின்சாரக் காருக்கு முன்பும் 5 சதவீதம்தான், இப்போதும் அதுதான். அதனால் ஷோரூமில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மின்சாரக் காரின் விலை முன்பைவிட உறுத்துகிறது. அவன் கேட்பதில் தப்பில்லை. ஆனால் ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது.

என்னிடம் இருக்கும் வண்டியின் பெயர் இங்கே வேண்டாம். நான் புலம்பப்போவது வண்டியைப் பற்றி இல்லை. எந்தக் கம்பெனி வண்டி எடுத்தாலும் இந்தப் புலம்பல் உண்டு. எடுப்பதற்கு முன் எல்லோரும் பார்ப்பதைத்தான் நானும் பார்த்தேன். எம்ஜி காமெட் பார்க்க அழகு, ஆனால் இரண்டே கதவு. முன்சீட்டை மடக்கி அம்மாவைப் பின்னால் ஏற்றுவதை நினைத்ததுமே அது கழிந்தது. டாடா டியாகோவில் அப்போது 19.2, 24 யூனிட் என்று இரண்டு பேட்டரி. டாடா பஞ்சில் அப்போது 25ம் 35ம். சிட்ரோன் இசி3யில் 29.2. நான்கு பேர் வீட்டுக்கு, தினசரி ஓட்டத்துக்கு, இதில் எதை எடுத்தாலும் போதும். கம்பெனி சொல்லும் கிலோமீட்டரில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டுக் கணக்குப் போட்டால் ஏமாற மாட்டோம்.

டெல்டா ரோடு இந்த வண்டிக்கென்றே போட்ட மாதிரி இருக்கிறது. வாய்க்கால் எப்படி வளைகிறதோ அப்படி வளையும், ஊருக்கு ஊர் வேகத்தடை, அறுவடைக் காலத்தில் பாதி ரோட்டில் நெல் காயும். ஐம்பதுக்கு மேல் எவனும் போக முடியாது. மின்சாரக் காருக்கு அந்த வேகம்தான் ராசி; காற்றைக் கிழிக்கும் வேலை குறைவு, பிரேக் பிடிக்கும்போதெல்லாம் கொஞ்சம் கரன்ட் பேட்டரிக்குத் திரும்பி வரும். மன்னார்குடி, தஞ்சாவூர் என்று சுற்றினால் ஒரு யூனிட்டுக்கு ஏழெட்டு கிலோமீட்டர் தருகிறது. திருச்சி நான்குவழிச் சாலையில் நூறில் மிதித்தால் அதே வண்டி மளமளவென்று குடிக்கும்.

நான் எதிர்பார்க்காத சுகம் ஒன்று உண்டு: நீடாமங்கலம் ரயில்வே கேட். அங்கே நின்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முன்பெல்லாம் இன்ஜினை அணைத்தால் வேகும், ஓடவிட்டால் பெட்ரோல் போகும். இப்போது ஏசி ஓடும், வண்டியில் சத்தமே இருக்காது, அம்மா அசந்து தூங்கிவிடுவார். அரை மணி நேரம் நின்றாலும் ஒரு யூனிட்கூடப் போகாது. கேட் திறந்ததும் எல்லோரும் கியர் மாற்றித் தடுமாறும்போது நாம் வழுக்கிக்கொண்டு போகலாம். இந்த ஒரு விஷயத்துக்காகவே வண்டியை மெச்சுவேன்.

செலவு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, பெட்ரோலோடு ஒப்பிடவே வேண்டாம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். வீட்டுக் கரன்ட் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் மேலே ஓடியதற்கு மட்டும் விலை ஏறாது, முதல் யூனிட்டுகளுக்குக் கிடைத்த சலுகையிலும் கொஞ்சம் போய்விடும். வீட்டில் ஏசி வேறு ஓடினால் கோடை பில் கொஞ்சம் எகிறும்.

சரி, எர்த்துக்கு வருகிறேன்; கசியும் கரன்ட்டை மண்ணுக்குள் இறக்கிவிடும் மூன்றாவது வயர், அதுதான்.

ஷோரூமில் சொன்னது, "வீட்ல 15 ஆம்ப்ஸ் பிளக் இருந்தா போதும் சார்." கேட்பதற்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது! வண்டியோடு தரும் சார்ஜர் கரன்ட்டை விடுவதற்கு முன் எர்த் இருக்கிறதா, உருப்படியாக இருக்கிறதா என்று சோதிக்கும். இல்லையென்றால் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு உட்கார்ந்துகொள்ளும். எங்கள் வீட்டு எர்த் குழி அப்பா காலத்தில் கிணற்றடி வாழைக்குப் பக்கத்தில் எடுத்தது. ஜிஐ குழாய், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய் இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடியது. வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதங்களில் ஒரு குறையும் இல்லை. பங்குனி பிறந்து களிமண் பாளம் பாளமாக வெடித்ததும் சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்தது.

சர்வீஸுக்கு போன் செய்தால், "உங்க வீட்டு வயரிங்ல பிரச்சினை சார்" என்று வைத்துவிட்டார்கள். உண்மைதான். ஆனால் விற்கும்போது வீட்டுக்கு வந்து பார்க்க ஒரு ஆள் இல்லையா? லட்சக்கணக்கில் பணம் வாங்குகிற இடத்தில் ஒரு மீட்டரைத் தூக்கிக்கொண்டு வர ஆள் இல்லையா?

ஊர் எலக்ட்ரீஷியன்தான் வந்தார். ஹோல்டரில் ஒரு குண்டு பல்பு, அதில் இரண்டு வயர். ஒன்றை ஃபேஸில் சொருகி, மற்றதை நியூட்ரலில் வைத்தார், பளீரென்று எரிந்தது. அதை எடுத்து எர்த் ஓட்டையில் வைத்தார். உள்ளே கம்பி மட்டும் மின்மினி மாதிரி சிவந்தது. ஒன்றும் பேசாமல் கொல்லைக்குப் போய்க் குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினார். ஒரு டீ குடித்து முடித்து மறுபடி வைத்துப் பார்த்தால் பல்பு நிமிர்ந்து எரிகிறது. சார்ஜரும் பச்சைக்கு வந்தது. அன்றிலிருந்து கோடையில் அம்மா துளசி மாடத்துக்கு ஊற்றிய மிச்சத் தண்ணீரை எர்த் குழியில் ஊற்றிவிட்டு வருவார். மேட்டூர் திறக்கிற வரைக்கும் எங்கள் காருக்கு இந்தத் தண்ணீர்தான்.

அப்புறம் சலித்துப்போய்ப் புதுக் குழி போட்டேன். காப்பர் பூசிய கம்பி, சுற்றிலும் பென்டோனைட் என்ற களிமண் பவுடர். அது தண்ணீரை உறிஞ்சி உப்பி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எங்கள் வீட்டுப் பிரச்சினை தீர்ந்தது.

தீராதது மற்ற வீடுகள். தை அமாவாசைக்குக் கோடியக்கரை போகும் வழியில் மாமனார் வீட்டில் ராத்திரி தங்கி சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தோம். ஆமாம், இந்த மைத்துனன் இருக்கும் அதே வீடுதான். பிளக்கைச் சொருகினால் சிவப்பு. போர்டைக் கழற்றிப் பார்த்தால் மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் வயரே இல்லை. அங்கே கூப்பிட்ட எலக்ட்ரீஷியன், "இதுக்கு ஏன் சார் கவலை, நியூட்ரலையும் எர்த்தையும் ஒண்ணா இணைச்சு லூப் அடிச்சிடலாம்" என்றார். அடித்தால் சார்ஜர் ஏமாந்து பச்சை காட்டலாம். ஆனால் பின்னால் எங்காவது நியூட்ரல் அறுந்தால் காரின் உடம்பு முழுக்கக் கரன்ட் ஏறி நிற்கும். ஈரக் காலோடு கதவைத் தொடுகிற பிள்ளைதான் அதைக் கண்டுபிடிக்கும். அவரை வாசலோடு அனுப்பிவிட்டேன். மறுநாள் இருக்கிற சார்ஜில் ஏசி இல்லாமல் கோடியக்கரை போய் வந்தோம். கை கால் வெந்ததுதான் மிச்சம், அன்று புண்ணியம் எவ்வளவு சேர்ந்தது என்று தெரியாது.

அதற்குப் பிறகு யார் வீட்டுக்குப் போனாலும் என் கண் முதலில் சுவரில் இருக்கும் பிளக்குக்குத்தான் போகிறது. டைல்ஸ் பளபளக்கும், டிவி சுவரளவு இருக்கும், எர்த் இருக்காது. வாஷிங் மெஷினைத் தொட்டால் சுரீர் என்கிறது என்பார்கள், செருப்புப் போட்டுக்கொண்டு துவைப்பார்கள். சார்ஜர் சிவப்புக் காட்டுவது நியாயம், அதன் மேல் எனக்குக் கோபம் இல்லை. இத்தனை வருஷமாக எர்த் இல்லாமலே குடும்பம் நடத்தியிருக்கிறோமே, அதை எனக்குக் காட்டிக்கொடுத்தது இந்தக் கார்தான்.

லோ வோல்டேஜும் உண்டு. பம்புசெட் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் 180க்கு இறங்கினால் 15 ஆம்ப்ஸில் 3.4 கிலோவாட் ஏற வேண்டியது 2.7தான் ஏறும். ராத்திரி பதினொன்றுக்கு மேல் போட்டால் சரியாகிவிடும். ஒரு தடவை சின்னப் பேட்டரி, அதுதான் 12 வோல்ட் பேட்டரி, செத்துப்போய்ப் பெரிய பேட்டரி நிறைய சார்ஜ் இருந்தும் கதவுகூடத் திறக்கவில்லை. புதுசு மாற்றியதும் போய்விட்டது. பெரிய பேட்டரிக்கு 8 வருஷ வாரன்டி. அதைப் பற்றி இதுவரை கவலைப்படவில்லை.

ஆகவே தம்பி, பெட்ரோல் காரே எடு.  இப்போது சித்திரை வெயில், உங்கள் வீட்டு போர்டு இன்னும் அப்படியேதான் இருக்கிறது என்று உன் அக்கா சொல்கிறாள். இல்லை, எடுத்தே தீருவேன் என்றால் ஷோரூமுக்குப் போவதற்கு முன் எர்த் போடுகிறவரைக் கூப்பிடு. உங்கள் பக்கம் உப்புத் தண்ணீர், வெறும் ஜிஐ குழாயைச் சீக்கிரம் அரித்துவிடும், காப்பர் பூசிய கம்பியே கேள். குழியை மாமா கீரை போட்டிருக்கும் பாத்தி ஓரமாக எடுக்கச் சொல், அவர் தினமும் தண்ணீர் விடுகிற இடம். அவர் சண்டைக்கு வருவார், அதை நீயே பார்த்துக்கொள்.