"டிஸ்க் போயிடுச்சு சார்" என்றால் உடனே நம்பிவிடாதீர்கள்

80 ரூபாய் கேபிளில் முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு 7,300 ரூபாய் தண்டம் அழுதிருக்கிறேன். வயிற்றெரிச்சலில்தான் எழுதுகிறேன்.

வீட்டு டெஸ்க்டாப்பில் போட்டோ, பத்திரங்களின் ஸ்கேன் எல்லாம் இருக்கும் 1 டிபி டிஸ்க் திடீர் திடீரென்று காணாமல் போக ஆரம்பித்தது. பெரிய ஃபைல் எதையாவது காப்பி செய்தால் பாதியில் டி டிரைவே மறைந்துவிடும், கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் ஒன்றும் நடக்காததுபோல வந்து உட்காரும். ஒரு வாரம் பொறுத்துவிட்டு சிபியூவைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஐந்து நிமிடம்கூடப் பார்க்கவில்லை. "பேட் செக்டார் சார், இன்னும் ரெண்டு நாள் ஓடினா அதிசயம்." அதாவது டிஸ்க்கில் சில இடங்கள் படிக்க முடியாமல் கெட்டுப்போய்விட்டதாம். புது டிஸ்க் 3,800, டேட்டா ரெகவரி 3,500. குழந்தையின் முதல் பிறந்தநாள் போட்டோ எல்லாம் அதில்தான் என்ற பயத்தில் பேரம்கூடப் பேசவில்லை.

மறுநாள் எல்லா ஃபோல்டரும் ஒன்றுவிடாமல் அதே பெயரில் வந்துவிட்டன. அப்போதே உறைத்திருக்க வேண்டும், அது ரெகவரி இல்லை, வெறும் காப்பி. பழைய டிஸ்க்கை "ஸ்கிராப் சார், நாங்களே போட்டுடறோம்" என்றார், நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டில் மனைவி விட்ட டோஸில் திரும்பப் போய் வாங்கிவந்தேன். அந்த டோஸுக்கு இன்றுவரை நன்றி சொல்கிறேன்.

பத்தே நாளில் புது டிஸ்க்கும் மறைந்தது. பொங்கல் லீவுக்கு வந்திருந்த அக்கா பையன், "மாமா, கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போட்டுப் பார்த்தீங்களா?" என்றான். டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் இலவச மென்பொருள்தான். போட்டால், "புது" டிஸ்க் ஏற்கெனவே 23,412 மணி நேரம் ஓடியிருக்கிறது! ராப்பகலாகக் கணக்குப் போட்டாலும் இரண்டரை வருஷத்துக்கு மேல். சீரியல் எண்ணைத் தயாரிப்பாளர் தளத்தில் போட்டோம், வாரண்டி 2022-இலேயே முடிந்திருந்தது.

அப்புறம் பழைய டிஸ்க்கை வேறு சாட்டா கேபிளில் (டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் கேபிள்) மாட்டினான். பேட் செக்டார் இருந்தால் அந்த மென்பொருள் காட்டும் பட்டியலில் 05, சி5, சி6 ஆகிய வரிகளில் எண் ஏறியிருக்கும், மூன்றுமே பூஜ்யம். ஏறியிருந்தது சி7 மட்டும், 1,386. அது டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே டேட்டா சிதைந்துபோன தடவைகளின் கணக்கு, பெரும்பாலும் கேபிள்தான் காரணம். என் கேபிளோ பக்கவாட்டு மூடி அழுத்தி மடிந்துபோய், பிடிப்பு கிளிப்பும் உடைந்து தொங்கிக்கொண்டிருந்தது. கடைக்காரர் அதே கேபிளைத்தான் "புது" டிஸ்க்கிலும் மாட்டிக் கொடுத்திருக்கிறார்.

கடையில் போய்க் கேட்டால், "நாங்க குடுத்த டிஸ்க்கே இது இல்லை" என்கிறார். துண்டுச்சீட்டில் சீரியல் எண் கிடையாது, ஜிஎஸ்டி பில்லும் நான் கேட்கவில்லை. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம், ஆனால் எதைக் காட்டுவது?

உங்கள் டிஸ்க்கும் இப்படி விட்டுவிட்டு வந்தால், அது தெரிகிற நேரத்தில் முக்கியமானதை முதலில் வேறு இடத்துக்கு எடுத்துவிடுங்கள். பிறகு கேபிளையும், மதர்போர்டில் அது மாட்டும் சாக்கெட்டையும் மாற்றிப் பாருங்கள், பவருக்கு ஸ்ப்ளிட்டர் (ஒரு பவர் ஒயரை இரண்டாகப் பிரிப்பது) இருந்தால் கழற்றிவிட்டு நேராகக் கொடுங்கள். யுஎஸ்பி டிஸ்க் என்றால் ஹப் வேண்டாம், சிபியூவின் பின்பக்க போர்ட்டில் குத்துங்கள். பழைய யுஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லிஆம்பியர்தான் தர வேண்டும் என்பது கணக்கு, 3.0 என்றால் 900, டிஸ்க் சுழல ஆரம்பிக்கும்போது அதற்கு மேலேயே கேட்கலாம். விண்டோஸ் மின்சாரம் மிச்சம் பிடிக்கிறேன் என்று யுஎஸ்பியைத் தூங்கவைப்பதும் உண்டு, பவர் ஆப்ஷன்ஸில் அதை அணைத்துவிடலாம்.

சி5 நாளுக்கு நாள் ஏறினாலோ டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தாலோ அது வேறு கதை, நிஜமாகவே போகப்போகிறது. அப்போது ஸ்கேன், ரிப்பேர் என்று அதைப் போட்டு வதைக்காதீர்கள்.

இன்னொன்று, ஓடிய மணிக்கணக்கு பூஜ்யம் என்று காட்டினாலும் முழுசாக நம்ப முடியாது, அதை அழித்துவிட்டு விற்கிறவர்களும் இருக்கிறார்கள். பில்லில் சீரியல் எண்ணை எழுதச் சொல்லி, வாரண்டி தேதியைக் கடையிலேயே நின்று போனில் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

"ரெண்டு நாள்" கெடு வைத்த பழைய டிஸ்க் எட்டு மாதமாக ஓடுகிறது. சி7 ஒன்றுகூட ஏறாமல் இன்னும் 1,386-தான்.