அண்ணனுக்கு ஒரு வரைபடம், எனக்கு ஒரு வரைபடம்: நிலம் அளக்க ஆள் வைப்பவர்கள் கவனத்துக்கு

நிலம் அளக்க வந்த ஒருவர் ஒரே வேலியைக் காட்டி எனக்கொரு கணக்கு, அண்ணனுக்கொரு கணக்கு சொல்லி, இரண்டு பேரிடமும் கூலி வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். அது தெரிய எட்டு மாதம் ஆனது, அந்த எட்டு மாதமும் நானும் அண்ணனும் பேசிக்கொள்ளவில்லை. வீட்டில் எல்லைத் தகராறு இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் ஆளைக் கூப்பிடுங்கள்.

அப்பா காலத்துப் பாகப்பிரிவினைப் பத்திரத்தில், மேற்கு மூலைக் கல்லிலிருந்து ஐந்து சங்கிலி (நிலம் அளக்கும் ஒரு நீள அளவு) என் பங்கு, அதற்குக் கிழக்கே அண்ணனுடையது. நடுவில் இருந்த கம்பி வேலி சாய்ந்துவிட்டதால், புதிதாகப் போடும் முன் ஒருமுறை அளந்துவிடலாம் என்று அண்ணன் சொன்னார். அப்போது எங்களுக்குள் சண்டையே கிடையாது. தெரிந்தவர் ஒருவர் மூலம் வந்தவரிடம் உரிமம் இருக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை. அது எங்கள் முட்டாள்தனம்தான்.

ஒரு தடவை டேப்பை இழுத்தார். பாதி தூரம் சரிவு, டேப் தரையோடு தரையாகக் கிடந்தது (வரைபடத்தில் இருப்பது கிடைமட்டத் தூரம், சரிவில் படுக்கவைத்து அளந்தால் எண் கூடத்தான் வரும்). அப்புறம் செல்போனைப் பிடித்துக்கொண்டு வேலியோரம் நடந்தார். திரையில் நீலப் புள்ளி நகர, நாங்கள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தோம். திறந்த வெளியிலேயே செல்போன் ஜிபிஎஸ் ஏறக்குறைய 5 மீட்டர் தள்ளிக் காட்டலாம். எங்கள் விவகாரமோ மொத்தமே 60 சென்டிமீட்டருக்குள்.

இரண்டு நாள் கழித்து எனக்குத் தனியாகப் போன் செய்தார். "வேலி உங்க பக்கம் ஏறியிருக்கு சார், குடும்ப விஷயம், நான் சொன்னதா வெளியே சொல்லாதீங்க." இதே வாக்கியத்தை அண்ணனிடமும் சொல்லியிருக்கிறார், 'சார்' உட்பட.

பழைய சங்கிலி 66 அடி, அதாவது 20.1168 மீட்டர். பின்னால் வந்த மெட்ரிக் சங்கிலி 20 மீட்டர். ஒரு சங்கிலிக்கு வித்தியாசம் 12 சென்டிமீட்டர்கூட இல்லை, ஆனால் ஐந்து சங்கிலிக்கு 58 ஆகிவிடும். அந்த ஆள் எங்களுக்குத் தனித்தனியாகக் கொடுத்த வரைபடங்களில், என்னுடையதில் பழைய சங்கிலிக் கணக்கில் 100.58 மீட்டர், அண்ணனுடையதில் மெட்ரிக் கணக்கில் 100 மீட்டர், வேலி இரண்டுக்கும் நடுவில். எந்தத் தாளைப் பார்த்தாலும் மற்றவன்தான் திருடன். அதற்குப் பிறகு மறு அளவீட்டுக்கு ஒரு கூலி, நோட்டீஸ் எழுத ஒரு கூலி. நான் கோபத்தில் நாலு கம்பத்தைப் பிடுங்கித் தள்ளி நட்டேன், குறுக்கே நின்ற மரத்தையும் வெட்டச் சொன்னேன்.

அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது, "ரெண்டு பேரும் அந்தக் காகிதத்தைக் கொண்டாங்கடா" என்றார். கட்டிலின் மேல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். ஒரே தேதி, ஒரே கையெழுத்து, மேற்கு மூலையில் ஒரே மாதிரி அடித்துத் திருத்திய எண்கூட. அண்ணன் ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை.

பிறகு உரிமம் உள்ள அளவையாளரை, செலவைப் பாதிப் பாதியாகப் போட்டுக்கொண்டு, இருவரும் ஒரே கடிதத்தில் கையெழுத்திட்டுக் கூப்பிட்டோம். அவர் முதலில் கேட்டது பத்திரம் எந்த வருஷத்தது, அதில் சொல்லும் சங்கிலி எது என்பதைத்தான். மேற்குக் கல்லை அப்படியே நம்பாமல் மற்ற மூலைக் கற்களிலிருந்தும் அளந்து பார்த்தார். அந்தக் கல்லே எப்போதோ 28 சென்டிமீட்டர் கிழக்கே தள்ளி மறுபடி நடப்பட்டிருக்கிறது. சங்கிலி பழைய 66 அடிச் சங்கிலி. கல்லின் பிசகைக் கழித்தால் எல்லை வந்து நின்றது பழைய வேலிக் கம்பத்தின் குழியிலேயே.

உங்களிடம் ஒருவர் வந்தால், அளக்கும்போது இரு தரப்பும் நிற்க வேண்டும், எந்தக் கல்லிலிருந்து தொடங்கினார் என்று அங்கேயே எழுதி வாங்க வேண்டும், குறிப்பேட்டின் நகல் இருவருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். தனியாகப் போன் செய்து ரகசியம் பேசினால் அன்றைக்கே நிறுத்திவிடுங்கள். வெற்று வரைபடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள், நாங்கள் அதையும் போட்டோம்.

அந்த ஆளிடம் நேரில் போய்க் கேட்டோம். "பத்திரத்துல சங்கிலின்னுதான் இருக்கு. எந்தச் சங்கிலின்னு நீங்க கேட்டீங்களா?" என்றார். கூலி திரும்ப வரவில்லை. வேலியை மறுபடி பழைய குழியிலேயே நட்டாயிற்று, மரத்தின் அடிக்கட்டை மட்டும் அங்கேயே இருக்கிறது.