படப்பை பக்கம் மனை பார்க்கிறவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில், படப்பையைத் தாண்டி ஒரு மனைப்பிரிவில் 1,200 சதுர அடிக்கு 3 லட்சம் முன்பணம் கொடுத்துவிட்டு எட்டு மாதமாக அலைகிறேன். இன்னொரு குடும்பம் மாட்டக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

தாம்பரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை இலவச வேன், மதியச் சாப்பாடு. வாசலில் வளைவு, மஞ்சள் வெள்ளை அடித்த கல், தார் போட்ட உள்சாலை. ஒரகடம் வேலைக்காரர்கள் எல்லாம் இங்கேதான் வீடு கட்டப்போகிறார்கள், கிளாம்பாக்கம் பேருந்து நிலையமும் வந்துவிட்டது, விலை ஏறிவிடும் என்றார்கள். அப்ரூவல் நகலையும் காட்டினார்கள். நம்பரைப் பார்த்தேன், சரியாக இருந்தது. அன்றே 50,000, அடுத்த வாரம் மனைவியின் நகையை அடகு வைத்து மீதி. கையில் கிடைத்தது ஒரு ரசீது மட்டும்.

பதிவுக்கு இரண்டு நாள் முன்பு பத்திர நகல் வந்தது. அதில் '1,200 சதுர அடி வீட்டுமனை' என்ற சொல்லே இல்லை. 'நஞ்சை, 2.75 செண்ட்' என்று இருந்தது. கேட்டதற்கு, "எல்லாருக்கும் இப்படித்தான் சார் போடுறோம், அப்புறம் மாத்திக்கலாம்" என்றார் மனை விற்ற ஆள். இது பெரிய பொய். அங்கீகாரம் இல்லாத மனையை வீட்டுமனையாகப் பதிய முடியாது என்பதால்தான் விவசாய நிலமாகக் காட்டிப் பதியப் பார்க்கிறார்கள். அப்படி வாங்கினால் வீடு கட்ட அனுமதியும் கிடைக்காது, வங்கிக் கடனும் கிடைக்காது.

அப்ரூவல் நம்பர் உண்மைதான். ஆனால் அது சாலையோரம் இருக்கும் முதல் பிரிவுக்கு வாங்கியது. அந்த ஆணையில் உள்ள புல எண்களில் (சர்வே நம்பர்) எங்கள் புல எண் இல்லவே இல்லை. பின்னால் இருக்கும் வயலைக் கல் நட்டு, 'இரண்டாம் கட்டம்' என்று பெயர் வைத்து விற்றிருக்கிறார்கள். முதலிலேயே புல எண்ணை ஒப்பிட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

அப்புறம் தனியாகப் போய்ப் பார்த்தேன். பக்கத்து வரப்பில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் சொன்னார்: "தம்பி, இது ஏரிப் பாசன நஞ்சை. நீங்க நிக்கிற எடத்துலதான் வாய்க்கால் போச்சு. மண்ணக் கொட்டி மூடிட்டாங்க. ஐப்பசி மழைக்கு வந்து பாருங்க." அரசின் இணையதளத்தில் புலப்படத்தை (அந்தப் புல எண்ணின் அளவு வரைபடம்) எடுத்துப் பார்த்தேன். வாய்க்கால் கோடு எங்கள் மனை வரிசையை அப்படியே குறுக்கே வெட்டிப் போகிறது. 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பட்ட பாட்டைப் பார்த்த பிறகும் இதைச் செய்கிறார்கள் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு இரண்டு காசோலை தந்தார்கள். 1 லட்சத்துக்கான முதல் காசோலை பாஸ் ஆனது, இரண்டாவது திரும்பி வந்துவிட்டது. காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன், வழக்கறிஞர் நோட்டீசும் போயிருக்கிறது.

'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று யாராவது சொன்னால் உடனே எழுந்து வந்துவிடுங்கள். மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுப்பது டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அல்லது சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்). 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவை விற்க ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு எண் வேண்டும். விளம்பரத்தில் அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள், அதே எண்ணை ரெரா தளத்திலும் போட்டுப் பாருங்கள். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் அவர்கள் வாங்கவே கூடாது என்று அந்தச் சட்டம் சொல்கிறது. இது எனக்கு முன்பே தெரியாமல் போய்விட்டது. அந்த நிலத்தின் மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்று (ஈசி) 30 வருடத்துக்குப் போடுங்கள். பணத்தை வங்கி வழியாக மட்டும் கொடுங்கள்.

அந்தச் சாலையில் மனை பார்க்கிறவர்கள் கிராமத்தின் பெயரையும் புல எண்ணையும் கீழே போடுங்கள். புலப்படத்தை எடுத்துப் பார்த்து, வாய்க்கால் போகிறதா என்று சொல்கிறேன்.